ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன்

நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் கட்டத் தொடங்கிய காலம். பதுளையில் ஒரு பாடசாலையில் பதினொரு வருடமாக இரசாயனவியல் படிப்பித்துவந்தவள் நான், சிவரூபி. மாகாண விஞ்ஞானக் கண்காட்சியில் ஒரு தடவையாவது தெரிவாகி, என் பெயரோடு கொழும்புக்குப் போகவேண்டும். அதுதான் என் ஒரே ஆசை. அந்த நேரம் பார்த்துப் புது விஞ்ஞான ஆசிரியையாக வந்து சேர்ந்தாள் கலாராணி. மடுல்சீமைத் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பெரிக்கும் ரெங்கசாமியின் மகள். வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதிபருக்குத் தொட்டதற்கெல்லாம் கலாராணிதான்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன பயன்?

அந்த வருடக் கண்காட்சியில் அவள் விளக்கப்போவது இதுதான். நிலக்கரியைக் காற்றில் எரித்தால் புகையில் பெரும்பங்கு நைதரசன். அதிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரிப்பது பெரும்பாடு. காற்றுக்குப் பதிலாக ஒட்சிசனையும், எரிந்து வந்த புகையிலேயே ஒரு பகுதியையும் உலைக்குள் விட்டால், வெளியே வருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் நீராவியும்தான். ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கிவிட்டு மிச்சத்தைப் பிடித்து அடைக்கலாம். "அப்பாவோட அடுப்புப் புகைய பாத்துப் பாத்துத்தான் இதுல ஆச வந்துச்சு சார்" என்று அவள் சொல்ல, அதிபர் உருகியே போனார்.

கண்காட்சியன்று அவளுக்குக் கை ஓயவில்லை. என்னிடம் வந்தாள்.

"டீச்சர், சாடியில மூணு பங்கு ஒட்சிசன், ஏழு பங்கு காபனீரொட்சைட்டு நிரப்பித் தர்றீங்களா?"

"தாறன் பிள்ளை."

தண்ணீர்த் தொட்டியில் சாடியைக் கவிழ்த்து, ஒட்சிசனை ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்தி, மீதியைக் காபனீரொட்சைட்டால் நிரப்பினேன். காற்றில் இருக்கும் ஒட்சிசனின் அளவு. யாராவது கேட்டால், அந்த அளவுதானே வழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். காபனீரொட்சைட்டோடு அந்த அளவு ஒட்சிசன் சேர்ந்தால் கரி மங்கிவிடும் என்பதை அவளுடைய கொப்பியிலேயே களவாக வாசித்திருந்தேன்.

நடுவர்கள் வந்தார்கள். தணலாயிருந்த கரித்துண்டை அவள் சாடிக்குள் இறக்கினாள். அது மங்கி, கறுத்துப்போனது. ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

கலாராணி சாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"காத்துல உள்ள அளவு ஒட்சிசன் இருந்தும் மங்கிருச்சு, பாத்தீங்களாங்க சார்? நைதரசன விட காபனீரொட்சைட்டு சூட்ட கூடுதலா இழுத்துக்கும். அதனால ஒட்சிசன கூட்டணும்."

சொல்லிக்கொண்டே இன்னொரு சாடியை மூன்றுக்கு ஏழாகத் தானே நிரப்பினாள். கரி சிவப்புக் குறையாமல் கனன்றது.

"ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டினது நல்ல யோசனை" என்றார் உதட்டைப் பிதுக்கியவர்.

"முதல் சாடி சிவரூபி டீச்சரோடதுங்க" என்றாள் கலாராணி.

கொழும்புக்குத் தெரிவானவர்களின் பட்டியலில் இருவர் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். அவளுடைய பெயருக்குக் கீழே என் பெயர். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் காரணத்தையும் சொல்லவேண்டும்.

சாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொழும்புக்கு ரெண்டு பேருமே போவோங்க டீச்சர். சாடிய மட்டும் நானே நிரப்பிக்கிறேன்."