நாற்பத்து நான்காவது ஸ்தோத்திரம்

“எம் பொண்ணு பேரு தெனமும் உன் வாயில ஏன்டி வருது? மொதல்ல அதுக்கு பதில் சொல்லு!”

“மெதுவா பேசுங்கக்கா, அவரு இப்பதான் கண்ணசந்தாரு.”

“நா ஏன் மெதுவா பேசணும்? தப்பு பண்ணவ நீ!”

கட்கி பஜாருக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இப்படிச் சத்தம் எழும்பியதும், கீழ்மாடிக் கதவுகள் எல்லாம் ஒரு சாண் திறந்துகொண்டன. பானுவின் குரலுக்கு அழைப்பிதழ் தேவையில்லை.

பானுவுக்குப் பக்கத்து வீட்டுப் பவுன் மீது சந்தேகம் வந்து எட்டு மாதம் ஆகிறது. காரணம், பவுன் சிரித்த முகமாக இருந்ததுதான். அவள் புருஷன் துரைசாமிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. பார்த்துக்கொண்டிருந்த கான்ட்ராக்ட் வேலையும் போயிற்று. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். இவ்வளவுக்கும் நடுவில் ஒருத்தி விடிகாலையில் கை தட்டிப் பாடினால் சந்தேகம் வராதா என்ன? லாட்டரி விழுந்திருக்குமோ என்று பானு முதலில் நினைத்தாள். அப்படியானால் நல்ல புடவை ஒன்றாவது கொடியில் காய வேண்டுமே. காயவில்லை.

பிறகு ஒருநாள் ஐந்தரை மணிக்கு எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்து, அதில் காதை வைத்தாள். பவுன் ஏதோ முணுமுணுத்தாள். நடுவில், “பானு அக்காவுக்காக… கீர்த்திக்காக…” என்று தெளிவாகவே கேட்டது. மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும்.

இதற்கிடையே பானுவின் மகள் கீர்த்திக்கு வந்த மூன்று வரன்கள் தட்டிப்போயின. வாகட் பையன், லோஹேகாவ் பையன், வேலூர் பையன். மூவருமே பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், நான்காம் நாள் போன் எடுக்கவில்லை. பானுவுக்குக் கணக்கு நேராகிவிட்டது. செய்வினை! வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்காவது வரன் வருகிறது. அதற்குள் பவுனைக் காலி பண்ணவைக்க வேண்டும்.

“வீட்டுக்காரர்கிட்ட இன்னிக்கே சொல்றேன். மந்திரம் போடுறவளுக்கு வீடு குடுத்திருக்கார்னு!”

“மந்திரமா?” பவுன் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரலிடுக்கில் வழிந்தது. “அது ஸ்தோத்திரம்க்கா. தெனம் நூறு சொல்லணும்னு எங்க சபையில பழக்கம். எதுக்காக நன்றி சொல்றோம்னு ஒவ்வொண்ணா சொல்லணும்.”

“உனக்கு நன்றி சொல்ல இன்னாடி இருக்கு?”

சுற்றி நின்றவர்கள் மனதிலும் அந்தக் கேள்விதான் இருந்தது.

“ஆஸ்பத்திரில அவருக்கு ஊசி குத்துன மொத நாள் ஒண்ணுகூட வரலக்கா. சும்மா அழுதேன். மறுநாள் கொழாயில தண்ணி வந்துச்சு, அதுக்கு ஒண்ணு. நர்ஸ் சிரிச்சா, அதுக்கு ஒண்ணு. அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி பொறுக்கினேன். பொறுக்கப் பொறுக்க எங்கருந்தோ ஒரு சந்தோஷம் வந்துடுது. நா கூப்பிட்டு வரல, அதுவா வருது.”

“பேச்செல்லாம் வேணாம். ஆதாரம் காட்டு.”

பவுன் உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தாள். மறந்துபோகாமலிருக்க எழுதிவைப்பாளாம். பானு விடவில்லை. “எல்லார் முன்னாடியும் படி!”

“நாப்பத்தொண்ணு. பானு அக்கா ரசம் தாளிச்ச வாசனைக்காக. அந்த வாசனையிலயே அவரு ரெண்டு வாய் கூட சாப்ட்டாரு. நாப்பத்திரெண்டு. பானு அக்கா கொரலுக்காக. மாத்திரைக்கு அலாரம் தேவையில்ல.” கீழ்மாடியில் யாரோ கனைத்தார்கள். “நாப்பத்திமூணு. கீர்த்திக்காக. எந் தம்பி சுனிலோட சேர்ந்து அவர நாற்காலியோட மூணு மாடி எறக்கி விடறா. நாப்பத்தி நாலு…”

பவுன் நிறுத்தினாள். பொய் சொல்லத் தெரியாதவள் வேறென்ன செய்வாள்? பானு நோட்டைப் பிடுங்கினாள். ‘சுனிலும் கீர்த்தியும் ஒருத்தரை ஒருத்தர் விரும்புவதற்காக’ என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது.

டயாலிசிஸ் நாளான செவ்வாயும் வெள்ளியும் மகள் ஆறு மணிக்கே பஸ்ஸுக்கு என்று ஓடிய காரணம் பானுவுக்கு இப்போதுதான் விளங்கியது. டம்ளர் வைத்துக் கேட்ட காதுக்கு, தன் வீட்டுக் கதவு திறந்த சத்தம் கேட்காமல் போயிற்றே!

கீர்த்தி வாசலில் நின்றாள். “அந்த மூணு பேருக்கும் நாந்தாம்மா போன் பண்ணி வேணாம்னேன். பவுன் அக்காவ விட்டுடு.”

உள்ளே படுத்திருந்த துரைசாமி அத்தனையும் கேட்டிருக்க வேண்டும். ஈனக்குரலில் “ஸ்தோத்திரம்!” என்றார். முதலில் சிரித்தவள் பவுன். கடைசிவரை சிரிக்காதவள் பானு.

வீட்டுச் சொந்தக்காரரிடம் புகார் சொல்லப் பானு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரனையும் அவளே போனில் நிறுத்தினாள், தலைவலி என்று. மூன்று மாதம் மகளோடு பேசவில்லை. மழைக்காலத்தில் துரைசாமி இறந்தபோது, முதல் ஆளாகச் சுக்குக்காப்பி போட்டுக் கொண்டுபோனவள் அவள்தான். தை மாதம் கீர்த்திக்கும் சுனிலுக்கும் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். இருவரும் தளேகாவில், சுனில் வேலை பார்க்கும் ஃபேக்டரி பக்கம் குடிபோனார்கள். பவுனும் அவர்களோடு போய்விட்டாள்.

அடுத்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களிடமும் ஒரு டம்ளர் இருக்கிறது. பானு ஐந்தரைக்கு எழுந்து ஏதோ எண்ணுகிறாளாம். மூன்றுக்கு மேல் போவதில்லையாம். மூன்றாவது பவுனுக்காகவாம்.