வேலியோரம் வளைந்த கோடு

"சொல்லிடாதேண்ணா. ஆத்தோட போக்கைப் பார்த்துத்தான் கோடு போட்டேன்னு சொல்லு. அதுக்கு மேல அவருக்குக் கேக்கத் தெரியாது."

"பூகோள வாத்தியார்டி அவர். அவருக்கா கேக்கத் தெரியாது?"

தங்கை உட்காரவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அண்ணனின் வரைபட மேசையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து நின்றாள்.

அலுவலகத்தில் அண்ணனுக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர். மயிரிழை பிசகாத மனுஷன். டிபன் டப்பா மூடியைக்கூட விளிம்பு பார்த்துத்தான் மூடுவார் என்று கிண்டலடிப்பார்கள். ஆறு பெருகினால் எந்த நிலம் மூழ்கும், எது தப்பும் என்று வரைவது அவர் வேலை. மூழ்கும் இடத்துக்குச் சிவப்பு. சிவப்பில் விழுந்த வீட்டுக்கு வங்கி கடன் தராது, வாங்க ஆளும் வராது.

மூன்று வருடத்துக்கு முன் தங்கை வீட்டை விற்க நினைத்தபோது, கோடு அவள் கொல்லையைத் தாண்டிச் சமையலறையையும் விழுங்கிக்கொண்டு போனது. "ஒரு விரக்கடை தள்ளிப் போடேன். காகிதத்துலதானே?" என்றாள். காகிதத்தில்தான். அவரும் பென்சில் கோட்டை அழித்து, அந்த ஒரு வீட்டுக்காக மட்டும் வேலியோரமாக முழங்கைபோல வளைத்துப் போட்டார். அம்பது வருஷமா அங்கே தண்ணீர் வரவில்லையே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். வீடு நல்லபடியாக விலைபோனது. வாங்கியவர் பூகோள வாத்தியார்.

போன மாதம் ஒரு பகலில் ஆறு கரையை மீறியது. ஒலிபெருக்கி வண்டி அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, சிவப்பு வீடுகளாகப் பார்த்துக் காலி செய்தபடி வந்தது. முழங்கை வளைந்த இடத்தில் வண்டியும் வளைந்து திரும்பிப் போய்விட்டது. வாத்தியார் பள்ளியில் இருந்தார். காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அவர் மனைவி வீட்டில் இருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு உடலைத்தான் எடுத்தார்கள். வண்டியில் இன்னும் நாலு பேருக்கு இடம் இருந்ததாக ஓட்டுநர் பிறகு சொன்னார். அளவுகோலால் அதைத்தான் மறக்க முடியவில்லை.

"சொன்னா உன் வேலை போயிடும்" என்றாள் தங்கை.

"போகட்டும்."

"என் மூஞ்சியை நான் எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? கேட்டவ நான்தானே."

"வளைச்சவன் நான்."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாத்தியார் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். முழங்கால்வரை மடித்த கால்சட்டையில் சேறு காய்ந்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் கைகூப்பினார்.

"நீங்களும் இருக்கீங்களாம்மா? நீங்க வெச்ச எலுமிச்சை மரம் மட்டும் அப்படியே நிக்குது."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். "மழைக்கு முன்னாடி எட்டாவதுக்கு ஒரு பயிற்சி வெச்சேன் சார். நிலத்தோட உயரத்தைக் குடுத்து, வெள்ளக் கோட்டை நீங்களே போடுங்கன்னேன். முப்பத்தொரு பேர். அத்தனை பேரும் என் வீட்டை சிவப்புக்குள்ள தள்ளிட்டாங்க. என் மேல அப்படி என்னடா கோபம்னு சிரிச்சேன். அப்புறம் உங்க ஆபீஸ் அச்சடிச்ச படத்தை வெச்சு ஒத்துப்பார்த்தேன். முப்பத்தொண்ணையும் தப்புன்னு நானே சுழிச்சேன்."

அளவுகோல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல அவகிட்டகூடச் சொல்லிச் சிரிச்சேன்" என்ற வாத்தியார், முதல் தாளை மேசையில் விரித்து நீவிவிட்டார். தன் சிவப்புப் பென்சிலை எடுத்து அளவுகோலின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குது. இதைத் திருப்பிக் குடுக்கணும். பசங்க எந்த இடத்துல தப்புப் பண்ணாங்கன்னு எனக்குப் புரியலை. படம் போட்டவர் நீங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்."