உப்புப் பார்த்தவள்

தவக்காலத்தில் நான் இறைச்சியை வெட்டுவேன், அவிப்பேன்; வாயில் மட்டும் வைக்கமாட்டேன். டென்மார்க்கில் ஓகூஸ் நகரக் கடற்கரை விடுதியின் குசினியில் பதினெட்டு வருசமாக நான்தான் சூப் வைக்கிறேன். அந்த நாற்பது நாளும் எனக்காக உப்புப் பார்ப்பது என்னோடு வேலை செய்யும் மன்னார் லோரன்ஸ் அண்ணை.

இந்த வருசம் அந்த விரதம் வெறும் ஒறுத்தல் இல்லை, நேர்த்தி. என் மகன் றொஜிதன் டேனிஷ் படையில் இருக்கிறான். மாசி மாதத்தில் ஒரு நாட்டின் துறைமுகத்தில் சொல்லாமல் கொள்ளாமல் குண்டு விழுந்தது. அடிவாங்கிய அந்த நாட்டின் தலைவரும், அவரோடு வருசக்கணக்காக முகங்கொடுத்துக் கதைக்காத அயல்நாட்டுத் தலைவரும் கூட்டுச் சேர எங்கள் விடுதிக்குத்தான் வந்தார்கள். கூட்டுச் சேர்ந்தால் டென்மார்க்கும் படை அனுப்பும். முதலில் போவது றொஜிதனின் அணி. அவனுக்கு ஒன்றும் வரக்கூடாதென்று மாதாவிடம் நேர்ந்திருந்தேன்.

மதியம் மாட்டிறைச்சிச் சூப்பை இறக்கியதும் இரண்டு காவல் அதிகாரிகள் உள்ளே வந்தார்கள், ஒரு நாட்டுக்கு ஒருவராக. காலையில் வாசலில் கைகூடக் குலுக்காதவர்கள்.

“சமைத்தவர் குடித்துக் காட்ட வேண்டும்” என்றார் ஒருவர்.

லோரன்ஸ் அண்ணை முந்திக்கொண்டு இரண்டு கரண்டி குடித்தார். மற்ற அதிகாரி என்னையே பார்த்தபடி நின்றார்.

“நீங்கள் ஏன் குடிக்கவில்லை?”

விரதம் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். காலையிலிருந்து நாற்காலி போடும் இடத்தில்கூட ஒத்துவராதவர்கள், என்னைச் சந்தேகிப்பதில் உடனே ஒத்துவந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதுதானா உங்கள் கூட்டு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

முகாமையாளர் வெளிறிப்போய் ஓடிவந்தார். குடிக்காவிட்டால் பொலிஸ் வரும், வேலையும் போகும் என்றார்.

லோரன்ஸ் அண்ணை காதருகில் குனிந்தார். “பிள்ளை, ஒரு கரண்டிதானே. மாதா ஒண்டும் கோவிக்கமாட்டா. பிறகு பாவசங்கீர்த்தனத்தில சுவாமியிட்டச் சொல்லுவம்.”

“போறது உங்கட பிள்ளையே, அண்ணை?”

அகப்பையை எடுத்துக் குடித்தேன். பயந்துவிட்டேன், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதிகாரிகள் பத்து நிமிடம் மணிக்கூட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்கள். நான் விழாததால் சூப்பை மேலே தலைவர்களுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

கொஞ்ச நேரத்தில் கிண்ணங்கள் திரும்பி வந்தன. விளிம்புவரை சூப், மேலே கொழுப்பு உறைந்திருந்தது. பரிமாறப் போன ஷாமிலா தட்டத்தை வைத்தாள்.

“அன்ரி, தலைவர்மார் ரெண்டு பேரும் தங்கட நாட்டிலயிருந்து பெட்டியில கொண்டுவந்ததைத்தான் சாப்பிட்டவை. மேசையில இருந்த தண்ணியைக்கூடத் தொடேல்லை. கையெழுத்து மட்டும் வைச்சிட்டினம்.”

பின்னேரம் றொஜிதன் தொலைபேசியில் எடுத்தான். வழக்கம்போல டேனிஷில்தான் கதைத்தான். திங்கட்கிழமை போகிறார்களாம்.

“பயப்பிடாதேங்கோ அம்மா” என்று அதை மட்டும் தமிழில் சொன்னான். பிறகு மறுபடி டேனிஷில், இரண்டு நாடும் ஒன்றையொன்று கைவிடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கின்றனவாம், அதை நம்பித்தான் தாங்கள் போகிறார்களாம் என்றான்.