இருபத்துநான்காவது உறை

இருபத்துமூன்றாவது உறையைப் பிரித்ததும் சுகிர்தாவுக்குக் கை நின்றுவிட்டது. உள்ளே சீட்டில் ‘பழைய மருந்து’ என்றிருந்தது. கால்நடைக் கல்லூரி மருத்துவமனை மேசையில் கிடந்தது கனகலட்சுமி அக்காவின் நாய். பூ மார்க்கெட்டில் மாலை கட்டும் அந்த அக்காவின் மாடியில்தான் அவள் ஒரு வருடமாகக் குடியிருக்கிறாள். உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்து, தலையைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்களுக்கு இரண்டு மருந்துகளில் எது மேல் என்பதுதான் சுகிர்தாவின் ஆய்வு. எந்த நாய்க்கு எது என்று அவள் முடிவுசெய்யக் கூடாது. பேராசிரியர் ஒட்டித் தந்த உறைகளை வரிசையாகப் பிரித்து, அதிலிருப்பதைப் போட வேண்டும். எது மேல் என்று யாருக்கும் தெரியாதவரைதான் அதில் நியாயம். ஆனால் பழைய மருந்து போட்டதில் மூன்று நாய்கள் செத்திருந்தன. புதியதில் ஒன்றுகூட இல்லை. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று பேராசிரியரிடம் அவளே போன வாரம் சொல்லியிருந்தாள்.

“காப்பாத்திருவேல்லா, சுகிர்தா?” என்றாள் அக்கா. வேலையைப் பாதியில் விட்டு வந்தவளின் விரலில் வாழைநார் சுற்றியபடியே இருந்தது.

சுகிர்தா அடுத்த உறையையும் பிரித்தாள். ‘புதிய மருந்து’. சீட்டுகளை மாற்றி வைத்துவிட்டு ஊசியை எடுத்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலையில் வெள்ளத்துரை வந்தார். குருவிகுளம் பக்கம் கரிசலில் மானாவாரி விவசாயம், கொஞ்சம் ஆடுகள். ஆடுகளுக்குக் காவலிருந்த சிப்பிப்பாறை நாயைத் தோளில் தூக்கி வந்திருந்தார். அதற்கும் உண்ணிக் காய்ச்சல்தான்; இருபத்துநான்காவது நாய். பழைய மருந்தை ஏற்றும்போது அதன் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “இந்தா முடிஞ்சிட்டுலே, முடிஞ்சிட்டு” என்றார்.

அக்காவின் நாய் இரண்டே நாளில் எழுந்து பால் குடித்தது.

ஐந்தாம் நாள் வெள்ளத்துரையின் பைக்கில் ஒரு உரச்சாக்கு இருந்தது.

“விடியக்காலம் போயிட்டு, தாயி. செத்தா அறுத்துப் பாக்கணும்னு அன்னைக்குச் சொன்னீயள்லா. மத்த நாய்க்கு உதவும்னா பாத்துக்கோங்க. அதான் பொதைக்காமக் கொண்டாந்தேன்.”

ஒப்புதல் படிவத்தை அவளே நீட்டினாள். அவர் பேனாவைத் திறந்து, எங்கே கையெழுத்துப் போடுவது என்று விரலால் தடவித் தேடினார். இந்தச் சாவும் பழைய மருந்தின் கணக்கில் போய்ச் சேரும்; ஆய்வேட்டில் ஒரு வரியாகும்.

“அண்ணாச்சி, போடுறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்.”

சொன்னாள். உறைகளைப் பற்றி, வரிசையைப் பற்றி, தான் மாற்றியதைப் பற்றி.

“அந்த நாய் பொழச்சிட்டா?”

“பொழச்சிட்டு.”

“யாரு வீட்டு நாய்?”

“நான் குடியிருக்க வீட்டு நாய்.”

“அந்த மருந்தப் போட்டிருந்தா இது பொழச்சிருக்குமா?”

“தெரியாது, அண்ணாச்சி. சத்தியமா எனக்குத் தெரியாது.”

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். படிவத்தை அவள் பக்கமாக நகர்த்திவிட்டு வெளியே போனார். பேராசிரியரிடம் என்ன சொல்வது என்று அவள் யோசிக்கக்கூடத் தொடங்கவில்லை. வாசலில் அவர் சாக்கைக் கேரியரில் மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நாயின் நீண்ட பின்னங்கால் ஒன்று வெளியே தொங்கியது. அதை மடக்கி உள்ளே தள்ளினார். பைக் நகர்ந்ததும் கால் திரும்ப வெளியே வந்தது. அவர் நிறுத்தி, இறங்கி, அதைத் தன் துண்டால் சுற்றிக் கட்டினார்.