மூன்று விரற்கடை வயர்

...இல்லை, பிளக் இல்லை, நாலு பிளக்கையும் கழற்றித் துணிமேல் வரிசையாக வைத்துப் பார்த்தாயிற்று, நாலும் ஒரே பிஸ்கட் நிறத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருக்கின்றன, இக்னிஷன் காயிலிலும் இல்லை, கை பொறுக்கிற சூடுதான், கண்டன்சர் புதுசு, பிளக் வயர்கள் புதுசு, இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை பட்டறை ஏறி இறங்கினாளோ இந்தக் கார், இந்தச் சிவப்பி, போன இடத்திலெல்லாம் ஆளுக்கொரு புதுச் சாமானை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள், மிஸ்ஸிங்கை, ஓடும்போது திக்குகிற இந்தக் கோளாறை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை, அது அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. நின்ற இடத்தில் ஓடவிட்டால் சீராக ஓடுகிறாள், ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் சீறிக்கொண்டு போகிறாள், நடுவில்தான், பாதி மிதியில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே போகலாம் என்று தோன்றுகிற வேகத்தில்தான் திக்குகிறாள், டப்... டப்... என்று முழுங்கி முழுங்கி... பாதி மிதியில் திக்கினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், கார்பரேட்டர் கோளாறு, எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான், இப்போது குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிற அவரும் அன்றைக்கு அதைத்தான் சொன்னார், தப்பா அது? மணி எட்டேகால். பதினோரு மணிக்குத் தங்கச்சி வருவாள், அதற்குள் முடித்துவிட வேண்டும், முடிக்காவிட்டால்தான் என்ன, அவள் காரைப் பார்க்கவா வருகிறாள், பெஞ்சுக்கு அடியில் சாக்குக்குள் கிடக்கிற பச்சைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகத்தானே வருகிறாள்.

நேற்று போனில் அவள் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம், அவர் எண்ணினார். அவரோட டூல் பாக்ஸ் இன்னும் அங்கதான இருக்கு, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன், நீ கடையில இருப்பியாண்ணா. நாளைக்குக் கடை லீவு என்று சொல்ல வாயெடுத்தவர் இருப்பேம்மா என்று சொல்லிவிட்டார், சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் புரண்டார். அவரோட என்றால் அவள் வீட்டுக்காரனுடையது, இவருக்கு மாப்பிள்ளை, மாப்பிள்ளை ஆவதற்கு முன்னால் இந்தப் பட்டறையில் பாதிக்குப் பாதி கூட்டாளி, அதற்கும் முன்னால் தொழில் பழகின இடத்தில் பக்கத்து மேசைக்காரன், செத்துப்போய் இன்றோடு முப்பத்தெட்டு நாள். இவர் கரண்ட்டு வேலை, அவன் பெட்ரோல் வேலை, வாசலில் வந்து நிற்கிறவர்கள்கூட கரண்ட்டு இருக்காரா, பெட்ரோல் இருக்காரா என்றுதான் கேட்பார்கள், பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும். வேலை முடித்த இடத்தில் இவர் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைப்பார், அவன் வெள்ளையில் வைப்பான், சிவப்புப் புள்ளியில் அவன் கைவைக்கக் கூடாது, வெள்ளையில் இவர் கைவைக்கக் கூடாது, கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்ட மகாராஜா யார், இவர்தான். அவனுக்கு அதெல்லாம் சிரிப்பு, புள்ளி வெச்சுப் பழகினா அப்புறம் கோலமே போடலாம் மச்சான் என்பான், ஆனால் ஒருநாள்கூட மீறினதில்லை. பெட்டிக்கும் அதே சட்டம்தான், அவனவன் பெட்டியை அவனவன்தான் திறப்பது, பன்னிரண்டு வருஷமாக அந்தப் பச்சைப் பெட்டியின் மேல் தூசி தட்டியிருக்கிறாரே தவிரத் திறந்ததில்லை. அதில் ஒரு பெருமை வேறு.

கார் பல் டாக்டருடையது, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழங்காலத்து ஸ்போர்ட்ஸ் கார், மேல்துணியை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டலாம், சிவப்பி என்று பெயர் வைத்தது மாப்பிள்ளை. டாக்டர் கட்டின மனைவியைக்கூட அவ்வளவு பார்த்துப் பார்த்துத் துடைத்திருக்க மாட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தது இவர், கார்பரேட்டரைப் பிரித்துக் கட்டினது அவன், எடுத்துக்கொண்டு போன டாக்டர் ஒரே வாரத்தில் திரும்ப வந்தார், வெள்ளிக்கிழமை, திக்குதே என்றார். இவர் தன் பக்கத்தைப் பார்த்தார், பார்த்தாரா, மூடியைத் திறந்து உள்ளே சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினார், அதற்குப் பெயர் பார்ப்பதா... மறுநாள் சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை மூன்று தடவை வந்து நின்றான், கையில் துணியைத் திருகிக்கொண்டு, ஒரு நிமிஷம் மச்சான் என்று. சப்பைக்கட்டு கட்ட வருகிறான் என்று நினைத்தார், முதல் தடவை கை வேலையாக இருக்கிறது என்றார், இரண்டாம் தடவை தலையே நிமிரவில்லை, மூன்றாம் தடவை, முதல்ல உன் பக்கத்தைப் போய்ப் பாரு, பெட்ரோல் பக்கம்தான் கோளாறு என்றார். ஆறு மணிக்கு டாக்டர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, அவனை வைத்துக்கொண்டே, எங்க மாப்பிள்ளை கார்பரேட்டரைச் சரியாக் கட்டலை டாக்டர், தப்பா நெனைச்சுக்காதீங்க என்றார். தப்பா நினைத்துக்கொள்ள வேண்டாமாம்! டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் கையைத் துடைத்தான், துடைத்த துணியை மடித்துப் பெஞ்சின் மேல் வைத்தான், பெட்டிய அப்புறமா வந்து எடுத்துக்கறேன் மச்சான் என்று சொல்லிவிட்டுப் போனான், போனவன் போனவன்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை, இத்தனை வருஷமும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டார், நான் ஒன்று சொன்னால் நீ பத்து சொல்ல வேண்டியதுதானே, வாயில் என்ன கொழுக்கட்டையா. பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுக்கிற ஊர்க்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது, பெட்ரோலுக்குக் கை போச்சு என்று, அப்புறம் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். உதிரி சாமான் கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றான், பார்ட் நம்பரைப் படித்து அட்டைப்பெட்டியை எடுத்துக் கொடுக்கிற வேலை, நீலச் சட்டை, பையில் பேனா. தங்கச்சி ஒரு தடவை, அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில், சமையலறையில் நின்றுகொண்டு, யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னாள், அவர் நகமெல்லாம் சுத்தமா இருக்குண்ணா, பாக்கவே பயமா இருக்கு. இவர் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்துவிட்டார். போன மாதம் அந்தக் கவுன்ட்டரிலேயே சாய்ந்துவிட்டான், ஆஸ்பத்திரிக்குக்கூட நேரமில்லை. இவர் போனார், போகாமல் இல்லை, தெருமுனை வரைக்கும் போனார், மருந்துக் கடை வாசலில் நின்று அந்த வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார், இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று நினைத்தார், அப்படியே திரும்பிவிட்டார். தங்கச்சி பார்த்தாளா, பார்த்திருப்பாள், அவள் எதைப் பார்க்காமல் விட்டாள்...

போதும், வேலையைப் பார். பிளக்குகளை மாட்டி இன்ஜினை ஓடவிட்டார், சீராக ஓடுகிறது, இனி மிச்சமிருப்பது ஒரே ஒரு சாமான், கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற சின்ன ரப்பர் குழாய். பாதி மிதியில் இன்ஜின் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சும், உறிஞ்சினால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே கரண்ட்டை விட்டு விட்டு அனுப்புகிற பாயின்ட் உட்கார்ந்திருக்கிற தட்டு ஒரு பக்கமாகக் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான் அதன் வேலை. பெட்ரோல் பக்கத்தில் தொடங்கிக் கரண்ட்டு பக்கத்தில் முடிகிற குழாய், அது யாருடையது என்று அவர்கள் முடிவு செய்யவே இல்லை, அதில் மட்டும் எந்தப் புள்ளியும் கிடையாது. கார்பரேட்டர் முனையில் உருவி, அந்த ஓட்டையை ஒரு திருகாணியால் அடைத்துவிட்டு, குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். இன்ஜின் திக்கியது. வாயை எடுத்தார், சீராக ஓடியது. மறுபடி உறிஞ்சினார், டப்... டப்... ரப்பர் கசப்பு நாக்கில் ஒட்டியது. அப்படியானால் கார்பரேட்டர் இல்லை, அது அன்றைக்கும் இல்லை, அவன் கட்டினது சரி. இதை அன்றைக்குச் செய்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ஒரு நிமிஷம், சரியாக ஒரு நிமிஷம்.

இன்ஜினை நிறுத்தினார், மூடியைக் கழற்றினார், டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை பேட்டரியிலும் இன்னொன்றை அந்தத் தட்டிலும் வைத்தார், பல்பு எரிந்தது, தட்டுக்கு எர்த் கிடைக்கிறது. குழாயை உறிஞ்சினார், தட்டு திரும்பியது, பல்பு அணைந்தது. விட்டார், எரிந்தது. உறிஞ்சினார், அணைந்தது. நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தார், எத்தனை தடவை என்று தெரியாது, எங்கேயாவது ஒரு தடவை அணையாமல் இருந்துவிடாதா என்பது மாதிரி. தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பையும் சேர்த்து ஒரு குட்டி எர்த் வயர் இருக்கும், மூன்று விரற்கடை நீளம், தட்டோடு சேர்ந்து வளைய வேண்டும் என்பதால் மெல்லிசுப் பின்னல் வயராகத்தான் போட வேண்டும், கரண்ட்டு வேலை தெரிந்தவனுக்கு அரிச்சுவடி. இதில் இருந்தது வீட்டு ஸ்விட்சுக்குப் போடுகிற பச்சை வயர், வெளியே உறை முழுசாக இருக்கிறது, விரலால் நசுக்கினால் நடுவில் ஓர் இடம் மட்டும் தொளதொள என்கிறது, உள்ளே செம்பு எப்போதோ ஒடிந்திருக்கிறது, நின்ற இடத்தில் முனைகள் ஒட்டிக்கொள்ளும், தட்டு திரும்பினால் பிரியும். யார் போட்டது என்று கேட்க வேண்டியதில்லை, முனையில் சிவப்புப் புள்ளி. நினைவு வந்தது, மறந்தால்தானே வருவதற்கு, அன்றைக்குப் பின்னல் வயர் தீர்ந்துபோயிருந்தது, டாக்டர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், இப்போதைக்கு இது போதும், அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று போட்டார், போட்டதும் புள்ளி வைத்தார், புள்ளி வைத்ததும் அது சரியான வேலை ஆகிவிட்டது. வயரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை, பசிக்கிற மாதிரி ஏதோ வந்தது.

இதைத் தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது, சொல்ல வேண்டுமா, சொன்னால் அவள் வீட்டுக்காரன் எழுந்து வந்துவிடப் போகிறானா, சொல்லாவிட்டால் கை போன மெக்கானிக்கின் பெண்டாட்டியாகவே அவள் மிச்ச நாளும் இருப்பாள். சொல்லலாம், சொல்லும்போது கூடவே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம், உன் வீட்டுக்காரனும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா என்று, அப்போது பாரம் பாதியாகும்... ஷட்டர் சத்தம் கேட்டது. பத்தரைக்கே வந்துவிட்டாள். வெளியே வாடகை வண்டி இன்ஜினை அணைக்காமல் நின்றது. மெலிந்திருந்தாள், அவள் பார்வை நேராகக் காருக்குப் போனது.

"சிவப்பியா?"

"ம். டாக்டர் கொண்டுவந்து விட்டார். அந்தக் காலத்துல நீங்க ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டிருந்தப்பதான் நல்லா ஓடிச்சுன்னார்."

அவர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பெட்டியை இழுத்தார், சாக்கை உருவினார், மேலே இருந்த தூசியைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்தார். அவள் தரையில் உட்கார்ந்து கொக்கியை நெம்பினாள். "வீட்ல அவர் கைபட்ட சாமான்னு ஒண்ணுமே இல்லண்ணா. நீலச் சட்டை நாலு இருக்கு, அவ்வளவுதான். அதான் வந்தேன்," என்றாள். ஸ்பானர்கள் எண்ணெய்த் துணியில் அளவு வாரியாகச் சுற்றியிருந்தன, துருவே பிடிக்கவில்லை, வெள்ளைப் பெயின்ட் டப்பா காய்ந்து கல்லாகியிருந்தது. மேல்தட்டின் மூலையில் ஒரு காகிதப் பொட்டலம், அவள் பிரித்தாள், உள்ளே மூன்று விரற்கடைக்கு ஒரு வயர், மெல்லிசுச் செம்பு இழைகளைத் தலைமுடி மாதிரி பின்னி, இரண்டு முனையிலும் வளையம் வைத்துப் பற்றவைத்தது. எந்த நிறத்திலும் புள்ளி இல்லை. காகிதத்தில் அவனுடைய சாய்ந்த எழுத்து: சிவப்பிக்கு. மச்சானைக் கேட்டுட்டு.

"இதுவா," என்றாள். "இது எனக்குத் தெரியும். அவர் இங்கேர்ந்து வந்ததுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடாம உக்காந்து பின்னினார். கண்ணு எரியுதுன்னு தண்ணிய அடிச்சு அடிச்சுப் பின்னினார். எதுக்குன்னு கேட்டேன். உங்கண்ணனுக்குத்தான், அவன்கிட்ட கேட்டுட்டுக் குடுக்கணும்னார்." அதை அவர் பக்கமாக நீட்டினாள். "எதுக்குண்ணா இது?"

அவர் இடது கையில் ஒடிந்த பச்சை வயர் இன்னும் இருந்தது, கையை மூடிக்கொண்டார், பிறகு மூடினதற்கு வெட்கப்பட்டுத் திறந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... புள்ளியில்லாத அந்தக் குழாயை உறிஞ்சிப் பார்த்தே கண்டுபிடித்திருப்பான், மூன்று தடவை வந்து நின்றானே, பொட்டலம் அப்போது சட்டைப் பையில் இருந்திருக்கும், கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்கிற சட்டத்துக்காக, கேட்கத்தான் வந்திருக்கிறான், அது சப்பைக்கட்டு இல்லை, அதுதான் அந்த ஒரு வார்த்தை. கேட்டுட்டு என்று எழுதினான், ஆனால் கேட்க விடவில்லை, விடாதவர் யார். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். தங்கச்சி வாசலைப் பார்த்தாள், பெட்டியை மூடினாள், எழுந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் அவர்.

அவள் கையில் பெட்டியோடு திரும்பிப் பார்த்தாள். ஹாரன் மறுபடி அடித்தது.

"ஒரு நிமிஷம்," என்றார். அவர் குரல் அவருக்கே எங்கோ கேட்ட குரலாக இருந்தது.