பதினெட்டு மில்லி

மூன்றாவது தடவையும் ஜெட் ஓடுபாதை முடியும்வரை ஓடியது. தரையைவிட்டு ஒரு நூல்கூட எழும்பாமல் எதிர்ப்புறப் புல்லுக்குள் போய் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. ஓடுபாதை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூடிப்போன தொழிற்சாலைக்குப் பின்னால் லாரிகள் நிற்பதற்காகப் போட்ட நீளமான சிமெண்ட் தளம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ரிமோட் விமானக்காரர்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். இன்று மூன்று பேர்தான்.

அவர்களில் ஒருவரான லிஃப்ட் மெக்கானிக் ஜெட்டை எடுத்துவரப் போனார். "நான் எடுத்துட்டு வரேன், நீ நில்லு" என்று மூன்று முறையும் அவரேதான் முந்திக்கொண்டார். அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி, ரிமோட்டைக் கழுத்தில் மாட்டியபடி நின்ற இடத்திலேயே நின்றான். மூன்றாவது ஆளான பல் டாக்டர் மடக்கு நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார்.

"தம்பி, நீங்க ஜெட்டு பண்ணல, காரு பண்ணியிருக்கீங்க. நம்பர் பிளேட் மாட்டிட்டா ஜம்முனு ஆபீஸ் போயிட்டு வரலாம்."

மைத்துனன் சிரித்தான். பிறருக்காகச் சிரிக்கிற சிரிப்பு அது. ஒரு வருஷமாக அவனுக்கு அந்தச் சிரிப்புதான் வருகிறது. பதினோரு வருஷம் ஒரு பட்டறையில் வரைபடம் போட்டவன். அங்கே ஒரு பெரிய அச்சு அளவு தப்பி வந்தபோது, தப்பு வரைபடத்திலா வெட்டினவன் கையிலா என்று யாரும் ஆற அமரப் பார்க்கவில்லை. பழி காகிதத்தின் மேல் விழுந்தது, அவன் வேலை போனது. அக்கா வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தவன், எட்டு மாதம் யாரோடும் அதிகம் பேசாமல், மெல்லிய பலகையும் தெர்மோகோலும் பசையுமாக இந்த ஜெட்டைச் செய்தான். ஒவ்வொரு அளவையும் கோடு போடாத நோட்டில் எழுதி, அடியில் கோடிட்டு வைத்தான். நாளைக் காலை வேறொரு பட்டறையில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் இது பறந்துவிட வேண்டும் என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

புல்லில் குனிந்த மெக்கானிக் உடனே நிமிரவில்லை. ஜெட் ஏன் எழும்பவில்லை என்பது அவருக்கு முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிட்டது. முன்சக்கரத்தைத் தாங்கும் கால் நீளம் குறைவு. அதை வெட்டி மாட்டியவர் அவர்.

மூன்று வாரம் முன்பு, மைத்துனன் வெளியே போயிருந்த நேரம், மெக்கானிக்கோடு வேலை பார்க்கும் இரண்டு பையன்கள் துளைபோடும் மெஷினை வாங்கிப்போக வீட்டுக்கு வந்தார்கள். ஏன் மாடிக்குக் கூட்டிப்போனோம் என்று அவர் இப்போதும் தன்னையே கேட்டுக்கொள்கிறார். மேஜைமேல் ஜெட்டைப் பார்த்ததும் ஒருவன் வாயைப் பிளந்தான். "அண்ணே, நீங்களா பண்ணினீங்க?" அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "சும்மா, பொழுது போகணும்ல" என்று சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். எப்படி ஓடும் பாருங்கள் என்று மொட்டைமாடியில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். அது நேரே போய்த் தண்ணீர்த் தொட்டியின் கட்டையில் முட்டியது. முன்கால் முறிந்து தொங்கியது.

மைத்துனன் திரும்பி வருவதற்குள் தன் பையிலிருந்த எஃகுக் கம்பியை வளைத்துப் புதுக் கால் செய்து, சாம்பல் வண்ணம் பூசி, மாட்டிவிட்டார். கைவசம் இருந்த கம்பி பதினெட்டு மில்லிமீட்டர் குறைவு. கடைக்கு ஓட நேரமில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தார். தளத்துக்குப் பத்து மில்லி கீழே லிஃப்ட் நின்றாலே ஏறுகிறவன் தடுக்கி விழுவான் என்று பையன்களைக் காய்ச்சி எடுக்கிறவர் அவர்.

ஜெட்டைத் தூக்கிவந்து சிமெண்டில் வைத்தார். ஆராய்ச்சி தொடங்கியது. வாலில் கயிற்றைக் கட்டி, பெட்டி எடை பார்க்கும் தராசை மாட்டி, ஜெட்டின் உள்ளிருக்கும் விசிறியை முழு வேகத்தில் விட்டார்கள். இழுவை சரியாக இருந்தது. இறக்கையின் அடியில் பென்சில் குறியிட்ட இடத்தில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினான் மைத்துனன். ஜெட் தராசு முள் போல ஆடாமல் நின்றது. வால்தகடு எழ வேண்டியபோது எழுந்தது. பேட்டரியில் குறையில்லை. ஒவ்வொன்றும் சரி என்று ஆக ஆக அவன் முகம் சுண்டிக்கொண்டே போனது.

"எல்லாம் சரின்னா, கணக்கு தப்பு டாக்டர். வால் கோணத்தைத் தப்பா போட்டிருக்கேன். அறுத்துட்டு மறுபடி ஒட்டணும்."

"ஆத்திர அவசரத்துல புடுங்காதீங்க தம்பி. நான் ஒருதடவை நல்ல பல்லைப் புடுங்கப்போய், அந்தாளு கல்யாணத்துக்கே போக முடியாம ஆயிடுச்சு."

மைத்துனன் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தான். எட்டு மாத வேலையின் மேல் அலகை வைத்தபடி, நிமிராமலே சொன்னான்: "நாளைக்குப் போகணுமான்னு இருக்கு மாமா. போய் அங்கயும் ஒருத்தர் தலையில மண்ணைப் போடணுமா?"

மெக்கானிக் அந்தக் கத்தியையே பார்த்தார். இப்போது சொல்லிவிடலாம். டாக்டர் பக்கத்தில் இருக்கிறார். டாக்டர் இல்லாவிட்டாலும் வேறொரு காரணம் கிடைத்திருக்கும்.

"இரு மாப்ளே, அறுக்காத" என்றார். "மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருக்கற மாதிரி தெரியுது. இறக்கையும் முன்னால சாஞ்சுடுது பாரு. வேகம் கூடக்கூடக் காத்து மேல தூக்காம கீழ அமுக்கும். டாக்டர், உங்க பெட்டியில பெரிய சக்கரம் ஒண்ணு இருந்துச்சே?"

பெரிய சக்கரத்தை முன்னால் மாட்டினார்கள். ஜெட் தலையை நிமிர்த்திக்கொண்டது. நான்காவது ஓட்டத்தில் பாதித் தூரம்கூடப் போகவில்லை, சக்கரங்களின் கடகட சத்தம் சட்டென்று நின்றது. சத்தம் நின்ற பிறகுதான் அது காற்றில் இருப்பது தெரிந்தது. தொழிற்சாலைக் கூரைக்கு மேலே ஏறி, வெயிலில் ஒருமுறை வெள்ளையாகப் பளிச்சிட்டு, வளைந்து திரும்பியது.

"அண்ணே, கையக் குடுங்க" என்றார் டாக்டர். "பாத்த மாத்திரத்துல சொல்லிட்டீங்களே. இது கண்ணு இல்ல, எக்ஸ்ரே." ஃபோனில் படம் பிடிக்க வேண்டும் என்று காரை நோக்கி ஓடினார். கொடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று மெக்கானிக்குக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

மைத்துனன் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியாது. ஒரு நொடி விட்டால் கைவிட்டுப் போய்விடும். கண் அங்கே இருக்க, வாய் மட்டும் இங்கே பேசியது.

"காலைக் கட்டையா வெட்டியிருக்கேன் மாமா. நோட்டுல சரியா எழுதி வெச்சுட்டு, வெட்டும்போது தப்பு பண்ணியிருக்கேன். அப்ப பட்டறையிலயும் இப்படித்தான் நடந்திருக்கும். அவங்க சொன்னது சரிதான்." குரலில் வருத்தம்கூட இல்லை. ரொம்ப நாள் வழக்கு ஒன்றுக்குத் தீர்ப்பு வந்துவிட்டதுபோல நிதானமாக இருந்தது. "நீங்க இல்லன்னா அறுத்தே போட்டிருப்பேன்."

ஜெட் தலைக்கு மேல் போனது. அதன் நிழல் இருவர்மேலும் பட்டு ஓடியது. அவன் இப்போது திரும்பிப் பார்க்க மாட்டான். இந்த எண்ணம் வந்ததுமே மெக்கானிக்குக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. ஆனாலும் அந்த எண்ணம்தான் அவர் வாயைத் திறந்தது.

"அந்தக் கால் நீ வெட்டினது இல்ல மாப்ளே."

விசிறிச் சத்தம் தூரத்தில் தேய்ந்து, மறுபடி நெருங்கியது. அவர் சொல்லி முடித்தார். பையன்கள் வந்தது, தான் சிரித்தது, தொட்டி, கம்பி, வண்ணம். சிரித்ததைச் சொல்லும்போதுதான் குரல் இடறியது. உடைத்ததைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

மைத்துனன் ரிமோட் குச்சியைச் சாய்த்தான். ஜெட் ஒரு முழு வட்டம் அடித்தது. இன்னொன்றும் அடித்தது.

"எத்தனை மில்லி குறைச்சல்?" என்றான்.

"பதினெட்டு."

"மொத்த நீளம் எவ்ளோ வெட்டினீங்க?"

"எழுபத்திநாலு."

அவன் உதடு லேசாக அசைந்தது. கூட்டிப் பார்க்கிறான். "தொண்ணூத்திரண்டு" என்றான், தனக்குத்தானே. நோட்டில் கோடிட்ட எண் அதுதான் போலிருக்கிறது. மன்னிப்பதாகவோ திட்டுவதாகவோ எதுவும் வரவில்லை. மெக்கானிக் காத்து நின்றார். திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

ரிமோட்டில் மணி ஒலித்தது. பேட்டரி தீரப்போகிறது, இறக்க வேண்டும். வெயிலுக்கு நேரே பார்த்துப் பார்த்து மைத்துனனின் கண்களில் நீர் கோத்து வழிந்தது. துடைக்கவில்லை. இரண்டு கட்டைவிரல்களும் ரிமோட் குச்சிகளின்மேல் இருந்தன. மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அந்த முகத்தைத் தொடலாமா என்று தெரியாமல், மடிப்புக்கூடப் பிரிக்காமல், அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜெட் ஓடுபாதையின் கோடிக்கு நேராக வந்து, மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது.