அரை வேலி நாடகம்

பள்ளிக்கூடத்தை விட்டுப் போக்கிடமில்லாமல் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி டெலிவிஷன் நாடகம் எடுக்க மெட்ராஸிலிருந்து வேன் வந்தபோது, எங்கள் ஊரில் சரக்கு தயாராக இருந்தது. பத்தாவது எழுதிய பதினொரு பேரும் பெயில். சேதி கேட்டுக் கொக்குகள்கூட மூஞ்சி கழுவிக்கொண்டு வரப்பில் வரிசையாக வந்து நின்றன.

டைரக்டருக்கு ராஜாத்தியைப் பிடித்துவிட்டது. கணக்கில் ஒன்பது மார்க் வாங்கியவள்.

"நல்லா நடிச்சா மெட்ராஸுக்கே கூட்டிட்டுப் போறேம்மா. எங்க வேலைக்கு மார்க் ஷீட் கேக்க மாட்டாங்க."

அவர் கேட்டது நடவுக் காட்சி. இடைஞ்சல் அங்கேதான். கூலியை உயர்த்தும்வரை மிராசுதார் தியாகராசன் வயலில் இறங்குவதில்லை என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் சொல்லி இருபது நாள். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

"நம்ம வயல்லயே எடுங்க சார். கலைக்குச் செய்யற தொண்டு" என்றார் தியாகராசன்.

"சங்கத்துல என்னடி சொல்லுவாங்க?" என்று கேட்டாள் ராஜாத்தியின் அம்மா நாகம்மாள்.

"இது நடிப்பும்மா. வேலையில்ல."

மற்ற பத்துப் பேரையும் அவளே கூட்டிக்கொண்டு இறங்கினாள். நட்ட இடத்தில் மறுபடி நட முடியாது; ஒவ்வொரு டேக்குக்கும் புதுச் சேறு வேண்டும். குடை பிடித்து நின்ற தியாகராசன், "மொகம் சரியா விழலைங்களே, அந்தப் பக்கம் வெளிச்சம் நல்லாருக்கு" என்று நடாத மூலையைக் காட்டுவார். மூன்று நாளில் அரை வேலி, மூன்று ஏக்கருக்கு மேல், நட்டு முடிந்தது. கேமராவில் டேப் இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டதாக வேன் டிரைவர் பிறகு சொன்னான்.

சங்கச் செயலாளர் காயாரோகணம் வரப்பில் வந்து நின்றார்.

"என்னா பாப்பா இது?"

"நாடகந்தானே மாமா."

"நாடகத்துல நட்ட நாத்து வேர் பிடிக்காதா?"

நட்டு முடிந்த பிறகு கூலி பேச என்ன இருக்கிறது? போராட்டம் அந்த வாரமே படுத்தது. மற்றவர்களைத் திட்டி விட்டுவிட்டார்கள். கூட்டிப்போன ராஜாத்தியை மட்டும் அந்த வருஷம் முழுக்க எந்த நடவிலும் சேர்ப்பதில்லை என்று முடிவானது. அவள் கவலைப்படவில்லை. மெட்ராஸ் கடிதம் வரும் என்றிருந்தாள்.

புரட்டாசியில் பஞ்சாயத்து டெலிவிஷனில் நாடகம் வந்தது. ஊரே உட்கார்ந்திருந்தது. கதாநாயகி மெட்ராஸ் பெண். பரீட்சையில் தோற்று அவள் அழுதுகொண்டே பஸ்ஸில் போகிறாள். ஜன்னலுக்கு வெளியே பதினொரு முதுகுகள் குனிந்திருந்தன.

"இதுல எதுடி நீ?" என்றாள் நாகம்மாள்.

"மூணாவது" என்று ராஜாத்தி சொல்வதற்குள் பஸ் போய்விட்டது.

காயாரோகணம் பீடியை அணைத்தார். "வரிசை நேராத்தான் நட்டிருக்கு" என்றார்.

மறுநாள் விடிந்ததும் நடவுப் பெண்கள் ராஜாத்தி வாசலைத் தாண்டிப் போனார்கள். நாகம்மாளும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர்களோடு போனாள்.